காடும் வழிகாட்டியும்: உடுப்பிட்டியிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

உடுப்பிட்டியில் காடு என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. வடமராட்சியில், வல்வெட்டித்துறைக்குத் தெற்கே, தோட்ட நிலங்களும் பனங்கூடல்களும் கிணறுகளுமாக அமைந்த ஊர் அது. ஆறு இல்லை, மலை இல்லை, யானையைக் காண்பதற்கும் ஊரவர் வெளியே போகவேண்டும். சிவசம்புப் புலவரின் ஊர் என்ற வகையில் இலக்கிய வரலாற்றிலும், 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய பாடசாலைகளின் வாயிலாகக் கல்வி வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு. காட்டைப் பற்றிய ஒரு கட்டுரையை இவ்வூரிலிருந்து தொடங்குவது ஏன் என்ற வினா எழுதல் இயல்பே.

காடில்லாத ஊரவர்க்கே காட்டில் வழிகாட்டி தேவைப்படுகிறார் என்பது எமது விடை. இவ்வூரிலிருந்தும் அயலூர்களிலிருந்தும் மக்கள் மூன்று வகையாகக் காட்டினுட் சென்றுள்ளனர். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து சென்றோர் ஒரு சாரார். வயலுக்கும் மரத்துக்குமாக வன்னிக்கு வண்டி கட்டிச் சென்றோர் மற்றொரு சாரார். 2009இல் போர் முடிந்தபின் வான் பிடித்து, ஏ-9 வீதி வழியே வில்பத்துக்கும் யாலைக்கும் தாமே திட்டமிட்டுச் செல்லும் குடும்பங்கள் மூன்றாம் சாரார். ஆடி, ஆவணி மாதங்களில் வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்திறங்கும்போது இம்மூன்றாம் வகைப் பயணங்கள் மிகுதியாகின்றன. இவர்களிடம் வரைபடம் உண்டு, கைத்தொலைபேசி உண்டு, தங்குமிடத்துக்கான பதிவும் உண்டு. முன்னைய இரு சாராரும் முதலில் தேடிக்கொண்ட ஒன்றை இவர்கள் பெரும்பாலும் இறுதியிலேயே நினைக்கின்றனர். அது இடமறிந்த வழிகாட்டி. அவ்வழிகாட்டியின் அறிவு எத்தகையது, அதனை வரலாறு எவ்வாறு பதிவுசெய்தது, எவ்வாறு மறைத்தது என்பவற்றையே ஈண்டு நோக்க முயல்கிறோம்.

‘சபாரி’ என்ற சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு இங்கு பொருந்தும். அது கிழக்காபிரிக்காவின் சுவாகிலி மொழிச் சொல்; பயணம் என்பதே பொருள். ‘சபர்’ என்ற அறபுச் சொல்லே அதன் வேர். அதே அறபுச் சொல் எமது முஸ்லிம் மக்களின் தமிழிலும் பயணத்தைக் குறிக்க வழங்குகின்றது. ஆகவே நாம் ஆங்கிலத்தின் வழியாகப் பெற்றதாக எண்ணும் சொல்லின் உறவுச் சொல்லொன்று முன்னரே எம்மிடையே இருந்தது. துப்பாக்கியும் கூடாரமும் வெள்ளைத் துரையும் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டமை பிற்காலத்து நிகழ்வு.

அறியாத நிலத்தின் ஊடே செல்வோனுக்கு வழி சொல்லுதலை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த மொழி தமிழ். ஆற்றுப்படை என்றதும் வள்ளலின் கொடைச் சிறப்பையே நாம் பெரிதும் பேசுகிறோம். வழியின் செய்தி அதனால் பின்தள்ளப்படுகிறது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது, பெருங்கௌசிகனார் இயற்றியது, செங்கண்மாவின் தலைவன் நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்துவது. அதன் நடுப்பகுதியை ஒருவர் புலவரின் கற்பனையாக அன்றி, மலைக்காட்டைக் கடந்து வந்த ஒருவனின் நேரடி அறிக்கையாகப் படித்துப் பார்க்கவேண்டும். பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உள. ஆகவே விடிந்த பின்னரே நடக்கவேண்டும். குழிகளிற் பாம்பு உண்டு. தினைப்புனத்தில் யானையை விரட்டுவோர் எறியும் கவண்கல் மரங்களில் மோதித் தெறிக்கும். மரத்தின் பின் ஒதுங்கிச் செல்லவேண்டும். பாசி படர்ந்து வழுக்கும் இடங்களில் கொடிகளைப் பற்றி நடக்கவேண்டும். இரவில் வழி தப்பினால் அலையாது பாறையொன்றின் மீதேறி வாத்தியங்களை இசைத்தால், புனங்காப்போர் ஓசை கேட்டு வந்து உணவும் தந்து வழியும் காட்டுவர். பிரியும் வழிகள் வந்தால், பின்னால் வரும் புதியோர் மயங்காதிருக்கப் புல்லை முடிந்து அடையாளம் இடவேண்டும்.

இறுதியிற் கூறப்பட்ட செய்தி சிறப்பாக மனங்கொளத்தக்கது. வழிகாட்டப்பட்டவன் தன் முறைக்குத் தானும் வழிகாட்டியாகின்றான். இங்கே அறிவு விலைக்கு விற்கப்படவுமில்லை, ஒருவரிடமே தேங்கவுமில்லை. ஆற்றுப்படுத்துவோனும் ஆற்றுப்படுத்தப்படுவோனும் ஒரே தொழிலினர், ஒரே வறுமையினர் என்பதும் கருதத்தக்கது.

எனினும் வழிகாட்டியைக் குறையற்றவராகத் தமிழ் மரபு கண்டது என்று சொல்வதற்கில்லை. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில், உறையூரைக் கடந்த பின் கோவலன் சந்திக்கும் மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளையும் நன்கறிந்தவன். ஆயின் அவன் இடப்பக்க வழியைப் புகழ்வதற்குக் காரணம் அதன் நடையெளிமை அன்று. திருமால்குன்றமும் அங்குள்ள மூன்று பொய்கைகளுமே காரணம். அவன் காட்டுவது வழியை மட்டுமன்று, தன் சமயத்தையும். கவுந்தியடிகள் அதனைப் புரிந்துகொண்டு பொய்கைகளால் தமக்கு ஆவதொன்றில்லை என்று விடையிறுக்க, அவர்கள் இடைநெறியைத் தேர்கின்றனர். வழிகாட்டியின் நோக்கம் என்ன, அவருக்கு எதனால் ஆதாயம் என்ற வினாக்களைப் பயணி எழுப்பவேண்டும் என்பதை இளங்கோ அறிந்திருந்தார். இன்றைய வனப்பூங்கா வாயிலில் நிற்போர்க்கும் இவ்வினாக்கள் பயன்படும்.

இலங்கையின் வடபகுதிக் காடுகளைப் பற்றி ஐரோப்பியர் எழுதியவற்றுள் மிகப் பழையனவற்றில் ஒன்று றொபேட் நொக்ஸின் நூல். 1660இல் கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்திற் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அவர், 1679இல் ஸ்டீபன் றட்லண்ட் என்ற தோழருடன் தப்பி, ஒல்லாந்தரிடமிருந்த அரிப்புக் கோட்டையை அடைந்தார். நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. தாமே திட்டமிட்ட காட்டுப் பயணத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. சிறுபொருள் விற்போராக வடக்கு நோக்கிப் பல ஆண்டுகள் சென்று வந்தே அவர்கள் வழியை அறிந்தனர். ஒரு கட்டத்தில், முன்பு தம்மோடிருந்த இளைஞன் ஒருவன் ஒல்லாந்தரிடம் கூட்டிச் செல்ல உடன்பட்டும் அது கைகூடவில்லை. அநுராதபுரத்தை அடைந்தபோது அங்குள்ளோர் தமிழ் பேசுவோராயிருந்தனர். நொக்ஸ் பேசிய சிங்களம் அவர்களுக்கு விளங்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் கற்ற மொழி அங்கே பயன்படாது போயிற்று. இறுதியில் மல்வத்து ஓயாவை, அதாவது எமது அருவியாற்றை, வழிகாட்டியாகக் கொண்டு அதன் கரையோரமாகவே அவர்கள் கடலை நோக்கி நடந்தனர். மனிதரை நம்ப இயலாத கைதிக்கு ஆறு வழிகாட்டிற்று. அக்கரையையும் பல ஆண்டு நடைகளில் சேர்ந்த உள்ளூர்ச் செய்திகளே அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தன என்பதை மறத்தலாகாது.

நொக்ஸ் தப்பிச் சென்ற அதே காலத்தில் வன்னிக் காட்டறிவு வேறொரு வகையில் உலக வணிகத்துடன் பிணைக்கப்பட்டிருந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், வன்னியர்களிடமிருந்து திறையாக யானைகளைப் பெற்றனர். அவை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டு இந்திய அரசுகளின் வணிகர்க்கு விற்கப்பட்டன. ஆனையிறவு என்ற பெயரே இதற்குச் சான்றாக நிற்கின்றது. கணக்கேடுகளில் யானையின் உயரமும் விலையும் எழுதப்பட்டன. காட்டினுள் அதன் தடத்தைப் பற்றிச் சென்று காலிற் கயிற்றை வீழ்த்தியவனின் பெயரை எழுதவேண்டிய தேவை வணிகர் எவருக்கும் ஏற்படவில்லை.

அவ்வேலையைச் செய்தோர் பணிக்கர் எனப்பட்டனர். வடக்கு, வடமேற்கு, கிழக்குக் கரைகளையடுத்த முஸ்லிம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலைச் செய்த குடும்பங்கள் அவை. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் ரெனன்ற், 1859இல் வெளியிட்ட தமது பெருநூலில் இவர்களை விரித்து வருணிக்கிறார். வெட்டவெளியிற் கட்டைப் புல்லின் மேலும் காட்டில் உலர்ந்த சருகின் மேலும், அந்நியரின் கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில், அவர்கள் ஓட்டமாக ஓடியே யானையின் போக்கைத் தொடர்வர் என்கிறார். வளைந்த சுள்ளியும், யானையின் வாயினின்று விழுந்த இலையிற் பதிந்த பல்லின் அழுத்தமும் அவர்களுக்குப் போதுமாயிருந்தன. தடம் அறுந்தால் வட்டமிட்டுத் தேடி மீண்டும் பற்றிக்கொள்வர். வேட்டையாட வந்த ஐரோப்பியர் இவர்களின் துணையை ஆவலோடு நாடினர் என்பதையும் அவரே பதிவு செய்கிறார்.

அவதானம் மிகக் கூரியது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் அதற்கு அவர் தரும் விளக்கம் என்ன? பணிக்கரின் ஆற்றல் ஏறத்தாழ இயல்பூக்கத்தின் உறுதியுடையது என்கிறார். அவர்கள் ஓடுவதை வேட்டைநாயின் ஓட்டத்துக்கும், வட்டமிடுவதை மோப்பநாயின் செயலுக்கும் ஒப்பிடுகிறார். எமது விவாதத்தின் மையம் இதுவே. இலையில் பதிந்த பல்லைக் காண்பதற்கு, யானை எந்தப் பருவத்தில் எந்த மரத்தை உண்ணும், பறித்த இலை வெயிலில் எவ்வளவு நேரத்தில் வாடும், அந்நேரத்தில் யானை எவ்வளவு தொலைவு நடக்கும் என்பவை தெரிந்திருக்கவேண்டும். இது தந்தையிடம் கற்று, பிழைவிட்டு, திருத்தி, உயிரைப் பணயம் வைத்துச் சேர்த்த அறிவு, உழைப்பின் விளைபொருள். அதனை இயல்பூக்கம் என்று பெயரிட்டவுடன் அது அறிவு என்ற தகுதியை இழக்கின்றது. நாயின் மூக்கைப்போல இயற்கையின் கொடையாகின்றது. இயற்கையின் கொடைக்குக் கூலி குறைவு. நூலில் அதன் உரியவருக்குப் பெயரும் வேண்டியதில்லை.

அவ்வறிவு எதற்குப் பயன்பட்டது என்பதையும் ரெனன்றின் நூலே கூறுகின்றது. யானையைக் கொல்வோர்க்கு அரசு வெகுமதி வழங்கிய காலத்தில், 1848க்கு முற்பட்ட மூன்றாண்டுகளுக்குக் குறைந்த காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன. மேஜர் றோஜர்ஸ் என்ற ஒரேயொரு அதிகாரி 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாக அவர் குறிப்பிடுகிறார். றோஜர்ஸ் 1845இல் மின்னல் தாக்கி இறந்தார். அவர் கதை இன்றும் பல நூல்களிற் சொல்லப்படுகிறது. 1,400 முறை அவரை யானையின் முன்னே கொண்டுபோய் நிறுத்தியவர் யார்? நுவரெலியாவில் வாழ்ந்து 1854இல் தமது வேட்டை நூலை வெளியிட்ட சாமுவேல் பேக்கரும் முஸ்லிம் தடங்காண்போரின் திறமையைப் புகழ்ந்தார். புகழ்ந்தவர் பின்னர் நைல் நதியின் மூலத்தைத் தேடி ஆபிரிக்கா சென்று சேர் பட்டம் பெற்றார். உள்ளூர் அறிவு தானாகவே நன்மை பயக்கும் என்று நாம் வாதிடவில்லை. அதற்குக் கூலி கொடுப்பவன் எதனை விரும்புகிறானோ அதனையே அது பெரும்பாலும் ஈன்றது.

ஆபிரிக்கச் சபாரியின் வரலாறும் இதற்கு வேறானதன்று. சான்சிபாரிலிருந்து உள்நாட்டுக்குச் சென்ற சுமைகாரர் அணிகளின் முன்னே வழிகாட்டி நடப்பது வழக்கு. பேர்ட்டன், ஸ்பீக், ஸ்டான்லி, கமரன் ஆகிய நால்வருடனும் சென்றவர் சிடி முபாரக் பொம்பே. சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, விடுதலை பெற்று ஆபிரிக்கா திரும்பியவர். ‘பொம்பே’ என்ற ஒட்டுப்பெயர் அதனால் வந்தது. இலண்டன் அரச புவியியற் கழகம் 1876இல் அவருக்கு ஒரு வெள்ளிப் பதக்கமும் உபகாரச் சம்பளமும் அளித்தது. நால்வரும் கண்டுபிடித்தோர் எனப்பட்டனர். அவர்களைக் கூட்டிச் சென்றவர் உதவியாளர் எனப்பட்டார். இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. ரஷ்ய நில அளவையாளர் விளாடிமிர் அர்சேனியேவ், உசூரிக் காட்டில் தமக்கு வழிகாட்டிய பழங்குடி வேடரின் பெயரையே தமது நூலுக்குத் தலைப்பாக்கினார். அகிரா குரோசாவா 1975இல் எடுத்த ‘தெர்சு உசாலா’ படத்தின் வாயிலாக அவரை எம்மிற் பலர் அறிவர். ஹங்கா ஏரியின் சதுப்பில் புயல் சூழ்ந்தபோது நாணற் புல்லை அறுத்துக் குவித்து அதிகாரியின் உயிரைத் தெர்சு காக்கும் நிகழ்ச்சியில் துப்பாக்கிக்கு வேலையில்லை, வரைபடத்துக்கும் வேலையில்லை.

மீண்டும் எமது நிலத்துக்கு வருவோம். 1905 ஜனவரியில் லெனாட் வூல்ப் யாழ்ப்பாணக் கச்சேரிக்குப் பணியேற்க வந்தபோது, அநுராதபுரத்திலிருந்து ஆனையிறவு வரை தபால் வண்டியிலேயே வரவேண்டியிருந்தது. பெயர் தபால் வண்டி. உண்மையில் அது மாடு பூட்டிய வண்டி. அதே ஆண்டில் புகையிரதப் பாதை முழுமையாக இணைக்கப்பட்டதும், காட்டின் ஊடே செல்லும் பயணம் காட்டை யன்னலூடாகப் பார்க்கும் பயணமாயிற்று. வண்டிக்காரன் எந்தக் குளத்தில் மாட்டை அவிழ்ப்பான், எந்த மாதத்தில் எந்த மோட்டையில் நீர் நிற்கும் என்ற செய்திகள் வடமராட்சிக் குடும்பங்களின் நினைவிலிருந்து மெல்ல விலகத் தொடங்கின. வூல்ப் பின்னர் அம்பாந்தோட்டையிற் பணியாற்றி, 1913இல் வெளியிட்ட ‘காட்டிலோர் கிராமம்’ என்று பொருள்படும் நாவலில், சிலிந்து என்ற வேடனை மையமாக்கினார். குடியேற்ற அதிகாரி ஒருவர் காட்டு மனிதனை மோப்பநாயாக அன்றிச் சிந்திப்பவனாகக் கண்ட அரிய சந்தர்ப்பம் அது.

1937இன் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து 1938இல் வில்பத்துவும் யாலையும் தேசியப் பூங்காக்களாயின. 1949இல் அவற்றுக்கெனத் திணைக்களம் அமைந்தது. துப்பாக்கியின் இடத்தைப் படக்கருவி பெற்றது. வேட்டைக்குத் தடங்கண்டவரின் இடத்தைத் திணைக்களத்தின் வழிகாட்டுநர் பெற்றார். இம்மாற்றம் வரவேற்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆனால் காட்டின் விளிம்பில் வாழ்ந்தோர், தாம் அறிந்த காட்டினுட் செல்ல அனுமதி வேண்டியவராயினர். அறியாதவரோ கட்டணம் செலுத்தி உள்ளே சென்றனர்.

கூலி கொடுத்தோர்க்காகவும் அரசுக்காகவும் வழிகாட்டியோரை இதுவரை நோக்கினோம். இவ்விரண்டிலும் சேராத ஒரு வழிகாட்டல் முறை உடுப்பிட்டிக்குச் சில கிலோமீற்றர் தொலைவிலேயே உயிர்வாழ்கின்றது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயில் ‘சின்னக் கதிர்காமம்’ எனப்படும். கதிர்காமத்திற்போல இங்கும் வாய்கட்டிப் பூசை செய்யும் வழக்கம் உண்டு. இக்கோயிலிலிருந்து வேலைத் தாங்கி ஒருவர் முன்னே செல்ல, அடியார் கூட்டம் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாக உகந்தை வரை கரையோரமாக நடந்து, அதன் பின் குமண, யாலைக் காடுகளின் ஊடே கதிர்காமத்தை அடைகின்றது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட நடை. பணத்தைவிட ஊரவரின் அன்னதானமே அதனைத் தாங்குகின்றது. எவரும் ஒழுங்குசெய்து விற்காத பயணம் என்ற பொருளில், தாமே திட்டமிட்ட பயணத்துக்கு இதற்கு மேல் உதாரணம் வேண்டியதில்லை.

உகந்தை வரை ஊர்கள் உண்டு. வழி தவறினால் கேட்கலாம். உகந்தைக்குத் தெற்கே நிலைமை வேறு. நடை நிகழ்வது கோடைக் காலத்தில். கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முன் சென்று சேரவேண்டும். கும்புக்கன் ஓயாவில் நீர் எவ்விடத்தில் கிடைக்கும், வற்றிய ஆற்றுமணலில் எங்கு தோண்டினால் ஊற்று வரும், எந்த நேரத்தில் யானை நீருக்கு இறங்கும், கூட்டத்தின் இறுதியில் தளர்ந்து வரும் முதியவரை யார் கவனிப்பது என்பவற்றை முன்னே செல்பவர் அறிந்திருக்கவேண்டும். அவரைச் ‘சாமி’ என்று அழைக்கின்றனர். அவரது தகுதி பிறப்பாலோ நியமனத்தாலோ வருவதன்று. பலமுறை நடந்து வந்தவர் என்பதே தகுதி. இந்த ஆண்டு பின்னால் நடப்பவர் பத்தாண்டு கழித்து முன்னால் நடக்கலாம். மலைபடுகடாத்தில் புல்லை முடிந்த கூத்தரின் முறை இதுவே எனலாம். பக்தியை ஏற்காத முற்போக்கு வாசகரும் இந்த நடையை ஓர் அறிவுக் கையளிப்பு முறையாக நோக்குதல் நன்று. இதனைச் சமயத்தின் பகுதி என்று ஒதுக்கியதால் எமது ஆய்வாளர் பலர் இழந்தது அதிகம்.

போர் இந்தக் கையளிப்பை அறுத்தது. வடக்கிலிருந்து செல்லும் நடை பல்லாண்டுகள் தடைப்பட்டது. கிழக்கிலிருந்தே கூட்டங்கள் புறப்பட்டன. பதினைந்து, இருபது ஆண்டுகள் நடக்காதிருந்தால், முன்னே செல்லத் தகுதியுடைய ஒரு தலைமுறை உருவாகாமற் போகின்றது. வில்பத்துவும் 1980களின் பிற்பகுதி முதல் 2003 வரை மூடிக்கிடந்தது. திறந்த பின்னும் காடு பாதுகாப்பாக இருக்கவில்லை. ஆனையிறவிலிருந்து வில்பத்துக் காட்டின் ஊடே நடந்து செல்லும் ஓர் இராணுவ அதிகாரியையும் இயக்கப் பெண்ணையும் பற்றி ஆங்கிலத்தில் நாவல் எழுதியவர் நிகால் டி சில்வா. காட்டறிவே அக்கதையில் இருவரையும் உயிரோடு வைத்திருக்கின்றது. அவர் 2006 மே மாதம் அதே வில்பத்துவில் கண்ணிவெடியில் இறந்தார். மண்ணிற் புதைத்த வெடிக்குச் சுவடில்லை. எந்தத் தடங்காண்பவரின் கல்வியும் அங்கே உதவாது.

இப்பின்னணியில் எமது சொந்த அனுபவத்தையும் சுருக்கமாகக் கூற விரும்புகிறோம். உடுப்பிட்டியிலிருந்து நண்பர் சிலராக வில்பத்துக்கு இருமுறை சென்றோம். முதன்முறை வரைபடமும் பறவை நூலும் போதும் என்று எண்ணினோம். அத்தவறு முற்றிலும் எம்முடையது. நாள் முழுவதும் வண்டியை ஓட்டியும் மயிலும் தூசியுமே மிஞ்சின. மாலையில், காட்டில் ஒன்றுமேயில்லை என்ற முடிவுடன் திரும்பினோம். இரண்டாம் முறை எம்முடன் வந்தவர் ஓய்வுபெறும் வயதை அணுகிய வழிகாட்டுநர், அயற் கிராமத்தவர், சிங்களம் பேசுபவர். தமிழில் மரம், விலங்கு, நீர் ஆகியவற்றின் பெயர்களை மட்டும் நன்கறிந்திருந்தார். எமது சிங்களமும் அந்த அளவே. இரு மொழிகளிலும் காட்டுக்குத் தேவையான சொற்கள் இவ்வளவு நெருங்கியிருப்பதை அன்றுதான் உணர்ந்தோம். வில்லு என்றால் அவருக்கும் வில்லு. மடு என்றால் ஏறத்தாழ மடுவே.

அவர் முதலிற் செய்தது வண்டியை நிறுத்தச் சொன்னது. மணற்பாதையிற் சிறுத்தையின் அடி பதிந்திருந்தது. முந்திய மாலை சென்ற வண்டிச் சக்கரத்தின் கோட்டின் மேல் அது விழுந்திருப்பதைக் காட்டினார். ஆகவே இரவில் அல்லது அதன் பின் நடந்தது. மரத்திலிருந்து சொட்டிய பனி மணலில் சிறு குழிகளை ஏற்படுத்தியிருந்தது. அக்குழிகளையும் அடி அழுத்தியிருந்தது. ஆகவே விடியலின் பின். அடுத்ததாக எஞ்சினை நிறுத்தி, அரை மணி நேரம் பேசாதிருக்கச் சொன்னார். எம்மிற் சிலருக்கு அது பொறுக்கவில்லை. பிறகு தொலைவில் மந்தி கத்திற்று. சற்று நேரத்தில் வேறு திசையிற் புள்ளிமான். இரண்டு ஓசைகளுக்கும் இடையே எதுவோ நடந்து செல்கிறது என்று கையால் ஒரு கோடு வரைந்தார். அக்கோடு பாதையைக் கடக்கும் இடத்தில் சிறுத்தை வந்து நின்றது. கரடி வருமா என்று கேட்டோம். பாலைப்பழக் காலம் முடிந்துவிட்டது, இனி அதனை வீதியோரத்தில் எதிர்பார்க்கவேண்டாம் என்றார். இல்லாததை இல்லை என்று சொன்னது எமக்கு மிகவும் பிடித்தது. வருமானம் பெரும்பாலும் அன்பளிப்பிலேயே தங்கியிருக்கும் தொழிலில் அப்படிச் சொல்வது எளிதன்று. யாலையில் சிறுத்தை ஒன்று தென்பட்ட செய்தி தொலைபேசியிற் பரவியதும் டசின் கணக்கான ஜீப் வண்டிகள் ஒன்றையொன்று முந்தி விரையும் காட்சிக்கு ஓட்டுநரின் பேராசையைக் காரணமாகக் காட்டுவர். காட்டிய விலங்கின் பெருமைக்கேற்பக் கூலி கூடிக் குறையும் முறையே அவ்வோட்டத்தை உண்டாக்குகின்றது. மேஜர் றோஜர்ஸின் காலத்திலும் கணக்கு அவ்வாறே இருந்தது.

நண்பகலுக்கு முன் பணிக்க வில்லு என்ற நீர்நிலைக்கு எம்மைக் கூட்டிச் சென்றார். அப்பெயரில் எமேர்சன் ரெனன்ற் வருணித்த பணிக்கரின் பெயர் ஒலிப்பதை நாம் விளக்க முயன்றோம். நூலின் பெயரையும் ஆண்டையும் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கயிறு எறிவோர் எந்தக் கரையிற் படுத்திருந்திருப்பர் என்று எம்மிடம் வினவினார். விடை சொல்ல எமக்குத் தெரியவில்லை. அவர் குனிந்து சிறிது மணலை எடுத்து மெல்ல விட்டார். காற்று அதனை எம்மை நோக்கிக் கொண்டுவந்தது. நாம் நின்றுகொண்டிருந்த கரையைக் காட்டி, இந்தப் பக்கம், ஆனால் பிற்பகலில் மட்டும், என்றார்.